கை காட்டினால் நிற்கிற லொறி

அவருடைய வலது கால் எப்போதும் பிரேக்கின் மேல்தான் இருந்தது. இடது காலுக்கு வேலையே இல்லை. ஒருமுறை மீன்பிடி வள்ளத்தைக் கரையேற்றும்போது அது சரிந்து முழங்காலில் விழுந்திருக்கிறது. அன்றிலிருந்து அந்தக் கால் மடங்க மறுத்துவிட்டது. கடலை விட்டுத் தரைக்கு வந்தவர், கிளச் மிதிக்கத் தேவையில்லாத வாகனம் ஒன்றைத் தேடு தேடென்று தேடி, கடைசியில் ஒரு பழைய ஜப்பான் லொறியைக் கொண்டுவந்து சேர்த்தார். நீல நிறம். கியர் தானாக மாறும். வடமராட்சியில் அப்படியொரு லொறி அதற்கு முன் இருக்கவில்லையாம். ஆட்கள் வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, மூன்று மிதிக்குப் பதிலாக இரண்டு மிதி இருப்பதைக் கண்டு, "மற்றது எங்கை?" என்று கேட்டுவிட்டுப் போனார்களாம்.

அவர் பெயரைச் சொல்லி ஒருவரும் அழைத்ததில்லை. ஐஸ் லொறிக்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். நான் அண்ணை என்பேன். அவர் என்னை ரீச்சர் என்பார்.

எனக்கு அப்போது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிற வேலை. வீடு நெல்லியடியில். எரிபொருளுக்கு வரிசையில் நின்று சலித்துப்போன காலம் அது. பஸ் வந்தால் வரும், வராவிட்டால் வராது. அவரோ விடியக் கரையில் மீன் ஏற்றி, திருநெல்வேலிச் சந்தையிலும் மருதனார்மடம் சந்தையிலும் இறக்கிவிட்டு, பின்னேரம் ஐஸ் ஏற்றிக்கொண்டு திரும்புகிறவர். நெல்லியடிச் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்து நின்ற ஒரு காலையில், சேலைத் தலைப்பைச் சரிசெய்ய நான் கையைத் தூக்கினேன். நீல லொறி என் முன்னால் வந்து நின்றது. முன் கதவு திறந்தது. அதற்குப் பிறகு நான் அதில்தான் வேலைக்குப் போனேன். முன் சீற் எனக்கு. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நான் வகுப்புக்குள் நுழையும்போது மூக்கைச் சுருக்குவதையும், பின் வரிசை வாங்கில் ஒருவன் "இண்டைக்குச் சூடை" என்று மீனின் இனத்தைச் சொல்வதையும் தெரியாதது போல இருந்துவிடுவேன்.

அவருடைய பிரச்சினை ஒன்றே ஒன்று. கை காட்டினால் நிற்பார்.

ஆர் காட்டினாலும் நிற்பார். எதற்குக் காட்டினாலும் நிற்பார். வேலியில் துணி காயப்போடக் கை தூக்கிய பெண்ணுக்கு நின்றிருக்கிறார். காயவைத்த நெல்லில் காகம் கலைத்தவருக்கு நின்றிருக்கிறார். தெருவின் அந்தப் பக்கத்தில் நின்ற மச்சானைக் கூப்பிட்டவன், தன் முன்னால் ஒரு லொறி வந்து நின்று கதவைத் திறப்பதைக் கண்டு திகைத்து, மரியாதைக்காக ஏறி, கோப்பாய் வரைக்கும் வந்திருக்கிறான். பின்னால் ஐஸ் பெட்டிகளின் மேல் எப்போதும் ஐந்தாறு பேர் இருப்பார்கள். சித்திரை வெயிலில் ஊரே அவிந்துகொண்டிருக்கும்போது இவர்கள் பல் கிடுகிடுக்க இறங்கிப் போவார்கள். எனக்கு மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்தே கழுத்து நோகும். அதிபர் ஒன்றும் சொல்லமாட்டார். நான் கையெழுத்துப் போடும்வரை என் பேனையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

உச்சம் என்னவென்றால், சிறுப்பிட்டிக்குக் கிட்ட ஒரு வெங்காயத் தோட்டத்தில் காகம் விரட்ட நட்டிருந்த வைக்கோல் வெருளி. யாரோ ரசித்துச் செய்த வெருளி. பழைய சேர்ட்டும் தொப்பியும் போட்டு, ஒரு கையைத் தெருப் பக்கமாக நீட்டிக்கொண்டு நின்றது. அதற்கும் நின்றார். கதவைத் திறந்து, "கெதியா ஏறும்" என்றார். வெருளி ஏறவில்லை. நான் சிரிப்பை அடக்கமுடியாமல் முகத்தைச் சேலைக்குள் புதைத்துக்கொண்டேன். அவர் கூச்சப்படவில்லை. காலை இழுத்து இழுத்து இறங்கிப் போய், வெருளியின் தொப்பியைச் சரியாக வைத்துவிட்டு, அதற்காகவே நின்றவர் போலத் திரும்பி வந்தார். அந்தக் கதையை நான் வல்லை வெளி தாண்டுவதற்குள் பின்னால் இருந்தவர்களுக்குச் சொல்லி, அவர்கள் நெல்லியடியில் இறங்கிச் சொல்லி, அடுத்த நாள் கரை முழுக்கத் தெரிந்துவிட்டது.

ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. சோதனைக்கு மேற்பார்வை பார்க்கவேண்டிய நாள். அவர் பதினொரு பேருக்கு நின்றுவிட்டார்.

"அண்ணை, உங்களுக்கு என்ன கோயில் நேர்த்தியோ? ஒரு நாளைக்கு ஒருத்தரை விட்டிட்டுப் போனால் என்ன குறைஞ்சுபோகும்?" என்று கேட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. கொஞ்சத் தூரம் ஓட்டினார்.

"கடலிலை கை காட்டினவனை விட்டிட்டுப் போறேல்லை, ரீச்சர். வலை போட்டபடி கிடந்தாலும் விட்டிட்டுக் கிட்டப் போகவேணும். அதுதான் எங்கடை வழக்கம்."

"இது கடல் இல்லையே, அண்ணை."

"எனக்குத் தெரியும். மண் தெரியுது." பிறகு சொன்னார்: "ஒருக்கா எங்கடை எஞ்சின் நிண்டுபோச்சு. நானும் இன்னொருத்தனும். சாரத்தை அவிட்டுத் தூக்கிக் காட்டினம். ஒரு வள்ளம் கண்டிட்டு வேறை பக்கம் திருப்பிக்கொண்டு போச்சு. பின்னேரம் இன்னொரு வள்ளம் வந்து கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. வந்தவன்ரை முகம் எனக்கு மறந்துபோச்சு, ரீச்சர். ஆனா போனவன்ரை வள்ளம் பச்சை. ஓரத்திலை ஒரு மஞ்சள் கோடு."

அதற்குப் பிறகு நான் அதைப்பற்றிக் கேட்கவில்லை. மணிக்கூட்டைப் பார்ப்பதை மட்டும் விடவில்லை.

கொஞ்சக் காலத்தில் லொறி யோசிக்கத் தொடங்கியது. அது அவருடைய சொல். நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போது எஞ்சின் உறுமும், லொறி அசையாது. பிறகு யாரோ பின்னால் உதைத்தது போல ஒரு துள்ளுத் துள்ளிப் புறப்படும். ஐஸ் பெட்டியில் இருப்பவர்கள் ஒருவர் மடியில் ஒருவர் விழுவார்கள். "யோசிக்குது, ரீச்சர். வயசு போனால் ஆர்தான் யோசிக்கிறேல்லை?" என்பார். யோசனை வரவர நீண்டது. வெயில் நேரத்தில் நாலைந்து தரம் நின்றெடுத்தால், பிறகு ஒரேயடியாக மறுத்துவிடும். ஆறும்வரை நாங்கள் தெருவோரம் இருப்போம்.

யாழ்ப்பாணத்தில் இப்படியான நேரத்தில் ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. நாவூறு என்று சொல்லி ஒருவர் செத்தல் மிளகாயைச் சுற்றி நெருப்பில் போட்டார். கியர் எண்ணெய்க்குள் நல்லெண்ணெய் கொஞ்சம் விடச் சொன்னார் இன்னொருவர். தெரிந்த கராஜ்காரர்கள் எல்லோரும் லொறிக்குக் கீழே குனிந்து பார்த்து, "ஓட்டோ கியரோ? உதுக்கு நான் கை வைக்கமாட்டன்" என்று கையைத் துடைத்தார்கள். விற்றுவிட்டு வேறு வாங்கவும் வழியில்லை. வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்தார்கள். இருக்கிற வாகனங்களையே ஒருவரும் விடுவதாக இல்லை.

கடைசியில் மருதனார்மடத்தில் ஒரு மெக்கானிக் அகப்பட்டான். கட்டாரில் வேலை செய்துவிட்டு வந்த இளந்தாரி. எந்தப் பேச்சையும் கட்டாரில் தொடங்கிக் கட்டாரில் முடிப்பான். இரண்டு நாள் லொறியை வைத்துப் பார்த்தான். மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு நான் அங்கே போனபோது, கியருக்குச் சிவப்பு எண்ணெய் மாற்றி, பக்கத்து ஐஸ் தொழிற்சாலையில் ஐஸும் ஏற்றி, லொறி புறப்படத் தயாராக நின்றது. மெக்கானிக் அவருக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணை, உங்கடை கியர்பொக்ஸுக்கு வயசு காரணமில்லை. உங்கடை இரக்கம்தான் காரணம். நிண்டு எடுக்கிற ஒவ்வொரு தரமும் உள்ளுக்கிருக்கிற தட்டுகள் தேயுது. கட்டாரிலை ஒருத்தரும் ஒருத்தருக்கும் நிக்கிறேல்லை. அங்கை கியர்பொக்ஸ் பழுதாறேல்லை."

"இப்ப என்ன செய்யவேணும், தம்பி?"

"ஓடிக்கொண்டிருந்தால் ஓடும். நிக்காதேங்கோ. இஞ்சை எடுத்தால் வீட்டு வாசலிலைதான் நிக்கவேணும். இடையிலை ஆர் கை காட்டினாலும் நிக்காதேங்கோ. உந்தப் பழக்கத்தை விட்டால் இன்னும் ஒரு வருஷம் ஓடலாம். நிண்டியளோ, இண்டைக்கே முடிஞ்சுது. பிறகு கை கியர்தான் போடவேணும்."

கை கியர் என்றால் கிளச். கிளச் என்றால் இடது கால். அவர் தன் மடங்காத காலை ஒருமுறை பார்த்தார். "சரி, தம்பி. நிக்கமாட்டன்" என்றார். கோயிலில் சத்தியம் செய்கிறவரின் குரல்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். வாழ்க்கையில் ஒருமுறையாவது வெளிச்சத்தோடு வீடு போய்ச் சேருவேன்.

மருதனார்மடம் சந்தியைத் தாண்டியதுமே ஒருவர் கை காட்டினார். அண்ணையின் வலது கால் துடித்ததை என் கண்ணால் கண்டேன். பிரேக்குக்குப் போய், திரும்பி வந்தது. ஒரு கையால் ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையை நெஞ்சில் வைத்து, "குறை நினையாதேங்கோ, நிக்கேலாது!" என்று கத்தினார். அந்த மனிதர் இன்னும் பலமாகக் கையை ஆட்டினார்.

உரும்பிராயில் இரண்டு பேர். கோப்பாயில் திருப்பத்தில் ஒரு கடைக்காரர், கடையை விட்டு வெளியே ஓடிவந்தே காட்டினார். அண்ணை ஒவ்வொருவருக்கும் நெஞ்சில் கை வைத்தார். முகம் வெளிறிவிட்டது.

"இண்டைக்கு ஏன் இவ்வளவு சனம், ரீச்சர்? ஒருநாளும் இப்படிக் கேட்டதில்லையே."

"பஸ் இல்லைப் போல, அண்ணை. றோட்டைப் பாருங்கோ."

நீர்வேலியில் வாழைக்குலை விற்கிறவர் எங்களோடு கொஞ்சத் தூரம் ஓடியே வந்தார். "அண்ணை, ஒழுகுது! ஒழுகுது!" என்றார்.

"ஐஸ், தம்பி! ஐஸ்!" என்று அண்ணை பதிலுக்குக் கத்தினார். எங்கள் லொறி எந்த நாளும் ஒழுகிக்கொண்டு போகிற லொறிதான்.

அதற்குள் கண்ணாடியில் ஒரு மோட்டார் சைக்கிள் தெரிந்தது. மெக்கானிக். ஒரு கையில் எதையோ உயர்த்திப் பிடித்து ஆட்டிக்கொண்டு, ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தான்.

"அண்ணை, மெக்கானிக் தம்பி பின்னாலை வாறார்."

"கை காட்டுறானோ?"

"ஓம். சரியாய்க் காட்டுறார்."

அண்ணை கண்ணாடியில் பார்த்தார். ஒரு கசப்பான சிரிப்பு வந்தது.

"சோதிச்சுப் பாக்கிறான், ரீச்சர். சொன்ன சொல்லுக் காப்பாத்துறனோ எண்டு பாக்கிறான். கட்டாரிலை இப்பிடித்தான் பழக்குவாங்களாக்கும்." காலை இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

சிறுப்பிட்டியில் வெங்காயத் தோட்டத்தருகே மறுபடியும் ஒரு கை. இந்தத் தடவை அவர் நெஞ்சில் கை வைக்கவில்லை. என்னைப் பார்த்துக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்: "உது வெருளி. இனி நான் ஏமாறமாட்டன்."

புத்தூர் தாண்டியபோது மோட்டார் சைக்கிளைக் காணவில்லை. ஆவரங்காலும் போயிற்று. பிறகு வல்லை வெளி. அங்கே கை காட்ட ஒருவரும் இல்லை. உப்புக் காற்று மட்டும். "தப்பினம்" என்று நான் நினைத்த அந்த நிமிஷம் எஞ்சின் பெரிதாக உறுமியது. லொறி மெல்ல மெல்லத் தளர்ந்து, யோசிக்காமலே நின்றுவிட்டது.

இறங்கிப் பார்த்தோம். லொறியின் அடியிலிருந்து பின்னால் வந்த தெருவெல்லாம், நேராக, சிவப்பாக ஒரு கோடு.

மெக்கானிக் வந்து சேர வெகுநேரமாயிற்று. பெற்றோல் முடிந்து மோட்டார் சைக்கிள் புத்தூரில் நின்றுவிட்டதாம். இரவல் சைக்கிள் ஒன்றை மிதித்துக்கொண்டு வந்தான். வந்தவன் முதலில் மூச்சு வாங்கினான். பிறகு கையிலிருந்ததை நீட்டினான். அண்ணையின் கைத்தொலைபேசி. கராஜில் மறந்துவிட்டு வந்திருக்கிறார்.

"ஏன் அண்ணை நிக்கேல்லை?"

"நீதானே தம்பி நிக்கவேண்டாம் எண்டு சொன்னனி?"

"கியர் எண்ணெய்க் குழாயின்ரை கிளிப் கழண்டுபோச்சு, அண்ணை! கராஜ் வாசலிலை குளமாய்க் கிடக்கு. கோல் எடுத்தால் போன் என்ரை மேசையிலையே அடிக்குது. சிவப்புக் கோட்டைப் பிடிச்சுக்கொண்டு வந்தனான். வழியிலை எல்லாச் சனமும் என்னட்டைச் சொல்லுது, 'நாங்கள் கை காட்டினம், ஒழுகுதெண்டு கத்தினம், மனுசன் நெஞ்சிலை கையை வச்சுக்கொண்டு போறார்' எண்டு."

அவன் லொறிக்கு அடியில் படுத்து, மணந்து பார்த்து, எழும்பித் தலையை ஆட்டினான். எண்ணெய் இல்லாமல் ஓடி, உள்ளே எல்லாம் எரிந்துவிட்டது. கியர்பொக்ஸ் முடிந்தது. இந்த லொறி இல்லாவிட்டால் இந்த மனிதரால் வேறெந்த வாகனத்தையும் ஓட்டமுடியாது. ஓட்டாவிட்டால் அவருக்கு என்ன இருக்கிறது?

அண்ணையோ சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அவை ஒருத்தரும் ஏறக் கேக்கேல்லையோ?"

"இல்லை, அண்ணை. ஒழுகுதெண்டு சொல்லத்தான் காட்டினவை."

"எல்லாருமோ?"

"எல்லாரும்."

"ரீச்சர், கேட்டியளோ? ஒருத்தரையும் நான் விட்டிட்டு வரேல்லை!" என்றார். அந்த வெளியில், செத்துப்போன லொறிக்குப் பக்கத்தில், பேரப்பிள்ளை பிறந்த சேதி கேட்டவர் போல நின்றார். மெக்கானிக் என்னைப் பார்த்தான். நான் கடலேரியைப் பார்த்தேன்.

இழுத்துப்போக உழவு இயந்திரம் வரும்வரை நின்றோம். சாக்கால் மூடிய ஏதோ பாரத்தைத் தலையில் சுமந்துகொண்டு ஒருவர் புத்தூர்ப் பக்கமிருந்து நடந்து வந்தார். வேர்வையில் சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது. அண்ணை பழக்கதோஷத்தில் "ஏறுங்கோ" என்று வாயைத் திறந்து, லொறி ஓடாதது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டார். ஆனாலும் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை.

"அண்ணை, இண்டைக்கு வழி முழுக்கக் கை காட்டிச்சினம். ஒருத்தரும் ஏறக் கேக்கேல்லையாம்!"

அந்த மனிதர் நின்றார். லொறியைப் பார்த்தார். அண்ணையின் சிரித்த முகத்தைப் பார்த்தார். "அப்பிடியோ" என்றார். பாரத்தைச் சரிசெய்துகொண்டு நெல்லியடிப் பக்கம் நடந்து போனார்.

பிறகு வந்த வாரங்கள் மோசமானவை. மெக்கானிக் கிளிப்புக்குத் தானே பொறுப்பு என்று கூனிக் குறுகிப்போயிருந்தான். கட்டார் அவன் பேச்சிலிருந்து அடியோடு மறைந்துவிட்டது. கை கியர் என்றால் எங்கேயும் கிடைக்கும், நாளைக்கே மாற்றிவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அண்ணை ஒருநாள் வேறொருவரின் லொறியில் ஏறியிருந்து, இடது காலை இரண்டு கையாலும் தூக்கிக் கிளச்சின் மேல் வைத்துப் பார்த்தார். வைக்க முடிந்தது. எடுக்க முடியவில்லை. பிறகு நாலு பேராகச் சேர்ந்து அவரை இறக்கினோம். அதோடு கை கியர்ப் பேச்சு முடிந்தது. மெக்கானிக் கொழும்புப் பக்கத்தில் பழைய வாகனம் உடைத்து விற்கிற இடங்களுக்கெல்லாம் தொலைபேசியில் கெஞ்சத் தொடங்கினான்.

அந்த நாட்களில் அண்ணையும் என்னோடு நெல்லியடிச் சந்தியில் நிற்பார். கராஜுக்குப் போய்ச் சும்மா பார்த்துவிட்டு வரவேண்டும் அவருக்கு. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். வாகனங்கள் போய்க்கொண்டே இருக்கும்.

"கையைக் காட்டுங்கோவன், அண்ணை" என்றேன்.

"எனக்கு அது வராது, ரீச்சர்."

"இவ்வளவு காலமும் மற்றவை காட்ட நிண்டனீங்கள்தானே?"

"நிக்கிறது வேறை. காட்டுறது வேறை. அவன் நிக்காமப் போனால் எனக்குத் தாங்காது."

அவருக்காகவும் நான்தான் கையைக் காட்டினேன். ஏறினாலும் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருந்து, வழியில் நிற்கிறவர்களைக் கணக்கெடுப்பவர் போலப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். ஒருமுறை ஏற்றிய ஓட்டுநர் ஒருவன் இரண்டாம் தரம் எங்களைக் கண்டதும் வேகமாகப் போய்விட்டான்.

கியர்பொக்ஸ் ஒருநாள் வந்தது. இதே மாதிரி லொறி ஒன்று எங்கேயோ மரத்தில் மோதி நொறுங்கியதாம். கியர்பொக்ஸுக்கு மட்டும் ஒன்றுமில்லை. சாக்கில் சுற்றி, கயிறு போட்டு வந்த அந்தச் சாமானை அண்ணை தொட்டுக் கண்ணில் ஒற்றினார். மெக்கானிக் பூட்டினான். ஒவ்வொரு கிளிப்பையும் தான் பார்த்து, என்னையும் பார்க்கச் சொல்லி, தெருவில் போன ஒருவரையும் கூப்பிட்டுக் காட்டினான்.

"இனி நிக்கலாமோ, தம்பி?" என்று கேட்டார் அண்ணை.

மெக்கானிக் வானத்தைப் பார்த்தான். "நில்லுங்கோ, அண்ணை. எங்கை வேணுமெண்டாலும் நில்லுங்கோ" என்றான்.

அன்றைக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டு அதே தெருவால் வந்தோம். லொறி யோசிக்கவேயில்லை. அவர் கையைக் காட்டாதவர்களுக்கும் நின்றார். லொறி பழுதான நாளில் கை காட்டியவர்கள் ஒவ்வொருவரிடமும் விசாரிக்கவேண்டுமாம். கோப்பாய்க் கடைக்காரர், "ஓம், ஒழுகுதெண்டு சொல்லத்தான் ஓடி வந்தனான்" என்றார். வாழைக்குலைக்காரர், "நான் வாய்விட்டே சொன்னனான். நீங்கள் ஐஸ் எண்டியள்" என்று கோபித்துவிட்டு, ஒரு சீப்புக் கதலியும் தந்தார். ஒவ்வொரு பதிலுக்கும் அண்ணையின் முகம் ஒரு சுற்று மலர்ந்தது.

சிறுப்பிட்டியில் வெருளிக்குக் கிட்ட ஒருவர் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றார். வாய்க்கால் கரையில் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணை பகிடிக்காகத்தான் நிறுத்தினார்.

"அண்ணை, உங்கடை வெருளியும் அண்டைக்கு எனக்கு ஒழுகுதெண்டுதான் சொன்னதோ?"

அந்த மனிதர் மண்வெட்டியை வைத்துவிட்டு வேலிக்கு வந்தார். முகத்தைக் கண்டதும் எனக்கு எங்கேயோ பார்த்தது போல இருந்தது.

"அண்டைக்கு வெருளி விழுந்து கிடந்தது. கை காட்டினது நான்" என்றார்.

"ஓ, நீங்களோ? ஒழுகுதெண்டு சொல்லத்தானே?"

"இல்லை. ஏறத்தான். பம்ப் பழுதாப் போச்சு. வெங்காயம் வாடுது. நெல்லியடியிலை ஒருத்தர் பம்ப் திருத்துவார். என்ரை வெருளிக்கே நிண்டனீங்கள் எண்டு சனம் சொல்லிச்சினம். எனக்கு நிப்பியள் எண்டு நினைச்சுத்தான் காட்டினனான்."

அண்ணை எஞ்சினை நிறுத்தினார். பம்ப் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப பம்ப்?"

"தலையிலை வச்சுக்கொண்டு நடந்தனான்." பிறகு சொன்னார்: "வல்லை வெளியிலை உங்களைக் கண்டனான். நீங்கள்தானே கதைச்சனீங்கள்."

சாக்கால் மூடிய பாரம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"ஏன் அண்ணை அப்ப சொல்லேல்லை?" என்று கேட்டார் அண்ணை. குரல் இறங்கிவிட்டது.

"லொறி செத்துக் கிடக்குது. நீங்கள் சிரிச்சுக்கொண்டு நிக்கிறியள். அதுக்குள்ளை நான் என்னத்தைச் சொல்லுறது? அதொண்டுமில்லை. பம்ப் திருந்திற்றுதுதானே. வெங்காயமும் தப்பிற்றுது."

அண்ணை ஸ்ரியறிங்கைப் பிடித்தபடியே கேட்டார்: "நான் தாண்டிப் போகேக்கை லொறி என்ன நிறமெண்டு பாத்தனீங்களோ?"

அந்த மனிதருக்கு இந்தக் கேள்வி விளங்கியிருக்க நியாயமில்லை. லொறி அவர் முன்னால்தான் நின்றது. ஆனால் அவர் அதைப் பார்க்காமலே சொன்னார்: "நீலம். பின்கதவிலை ஒரு மீன் கீறியிருக்கு. மீனுக்கு வால் அழிஞ்சுபோச்சு."

அண்ணை கதவைத் திறந்து காலை இழுத்துக்கொண்டு இறங்கினார். சுற்றி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"ரீச்சர், நீங்கள் கொஞ்சம் பின்னுக்கு இருங்கோ."

"எங்கை, அண்ணை?"

"ஐஸுக்கு மேலை." பிறகு தோட்டக்காரரிடம் திரும்பினார்: "வாங்கோ, ஏறுங்கோ."

"நான் எங்கையும் போகேல்லையே!"

"இல்லை. நெல்லியடிக்குப் போறியள்."

"எனக்கு அங்கை அலுவல் ஒண்டுமில்லை. தண்ணி மாறிக்கொண்டு நிக்கிறன். பம்ப் ஓடுது."

"பம்பை நிப்பாட்டிப்போட்டு வாங்கோ. நான் நிக்கிறன்."

அந்த மனிதர் என்னைப் பார்த்தார், ஏதாவது சொல்லுங்கோவன் என்பது போல. நான் அதற்குள் கைப்பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். அண்ணையின் முகத்தைப் பார்த்தால், தோட்டக்காரர் ஏறும்வரை லொறி அடுத்த நாளும் அங்கேயே நிற்கும் என்று தெரிந்தது. அவருக்கும் அது தெரிந்திருக்கவேண்டும். பம்பை நிறுத்தி, காலைக் கழுவி, மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போகிறவர் போல முன் சீற்றில் ஏறினார்.

நான் ஐஸ் பெட்டியின் மேல், சேலைக்குள் குளிர் ஏற, சிறிய பின் கண்ணாடி வழியாக இரண்டு பிடரிகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். தோட்டக்காரர் இரண்டு கையையும் மடியில் வைத்து நேராக இருந்தார். வல்லை வெளியில், நாங்கள் அன்றைக்கு நின்ற இடத்துக்குக் கொஞ்சம் அப்பால், அவருடைய கை மெல்ல எழும்பித் தெருவோரத்தைக் காட்டியது. காற்றுக்கு மேலாக அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

"பாத்து, அண்ணை. உதிலை ஆரோ கை காட்டுறான்."

லொறி நின்றது. ஆடு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் பின்னால் ஏறினார். முன்னாலிருந்து அண்ணையின் குரல் வந்தது: "ரீச்சர், கொஞ்சம் தள்ளி இருங்கோ."

நான் தள்ளி இருந்தேன்.